கடைசியாகத் தெரிந்த முகவரி

பணம் கேட்டு ஒருவர் மீது வழக்குப் போடுவது பெரிய வேலை இல்லை. வழக்குப் போட்டிருப்பதை அந்த ஆளுக்குத் தெரிவித்தாயிற்று என்று நீதிமன்றத்தில் காட்டுவதுதான் வேலை. வக்கீல் அலுவலகங்களில் இது குமாஸ்தா பார்த்துக்கொள்கிற சங்கதி. 2023-இல் என் மாமாவின் வழக்குக் கோப்பைப் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டி வந்தபோது, அந்தக் கோப்பு முழுவதும் இந்த ஒரு சங்கதியின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

மாமா அம்மாவின் அண்ணன். லாரி ஓட்டுகிறார். மகள் வேலைக்குப் போய்வரப் பழைய மைவி ஒன்று வாங்கலாம் என்று கிள்ளானில் ஒரு கார் கடைக்குப் போனார். இரண்டு நாள் கழித்து விற்பனையாளர் கூப்பிட்டு, "லோன் கிடைக்காது அங்கிள், உங்க பேர்ல கேஸ் இருக்கு" என்றார். கடன் தகவல் அறிக்கையை அச்செடுத்தும் கொடுத்தார். 2017 நவம்பரில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மாமாவுக்கு எதிராகத் தீர்ப்பு. தொகை 38,000 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேலே. அந்தத் தாளோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். "எம்மேல கேஸு நடந்து முடிஞ்சே ஆறு வருசம் ஆச்சாம்டா. எனக்கே இப்பத்தான் தெரியுது" என்றார். கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் இருந்தது அந்தக் குரலில்.

கடன் பொய்யில்லை. 2014-இல் கூட வேலை செய்த நண்பர் ஒருவர் வேன் வாங்கியபோது மாமா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். நண்பர் தவணையை நிறுத்திவிட்டார். வேனை இழுத்துக்கொண்டு போனார்கள், ஏலம் விட்டார்கள், மிச்சம் நின்ற பணத்துக்கு வட்டி ஏறியது. வேனை இழுத்தது வரைக்கும் மாமாவுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்த எதுவும் தெரியாது.

பல்கலைக்கழக விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவனின் அக்கா வழக்கறிஞர். அவரிடம் போனோம். நீதிமன்றக் கோப்பின் நகலை அக்கா எடுத்துத் தந்தார். மொத்தமே இருபது பக்கம் தேறாது. ரிட் சம்மன், கோரிக்கை அறிக்கை, ஓர் அபிடவிட், கடைசியில் தீர்ப்பு. "அங்கிள் கடன் வாங்கினாரா இல்லையான்னு இதுல யாரும் பேசவே இல்லப்பா. பேச வேண்டிய அவசியமே வரல" என்றார் அக்கா.

அது எப்படி என்று பிறகு புரிந்துகொண்டேன். 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின்படி, ரிட் சம்மனைப் பிரதிவாதிக்குச் சேர்ப்பிக்கப் பொதுவாக இரண்டு வழி. அவரிடம் நேரில் கொடுக்கலாம். அல்லது, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வரக்கூடிய ஏ.ஆர். பதிவுத் தபாலில், அவருடைய கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பலாம். சேர்ந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் பிரதிவாதி, நான் இருக்கிறேன், வழக்காடப் போகிறேன் என்று நீதிமன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால், வாதி ஓர் அபிடவிட்டைக் காட்டித் தீர்ப்பை வாங்கிக்கொள்ளலாம். சாட்சி விசாரணை கிடையாது. எதிர்த்தரப்பு பேசாமல் இருந்ததே போதும்.

ஆக, மாமாவின் 38,000 வெள்ளியும் அந்த அபிடவிட்டில் இருந்தது. சேர்ப்பித்த அபிடவிட். மலாயில் 'அபிடாவிட் பென்யம்பையான்'. ஆங்கிலத்தில் 'சர்வீஸ்' என்று சொல்லிவிடுகிறார்கள். மாமாவைப் போன்றவர்களுக்கு அது லாரியை ஒர்க்ஷாப்பில் விடுவது. மலாய்ச் சொல் நேர்மையானது. 'சம்பாய்' என்றால் போய்ச் சேர்வது. பென்யம்பையான், போய்ச் சேர வைப்பது. நம்முடைய சேர்ப்பித்தலும் அதேதான். அனுப்பினேன் என்பதோடு அந்தச் சொல் நிற்பதில்லை.

நான் தொலைத்தொடர்புக் கோபுரங்களைப் பராமரிக்கும் ஒரு குத்தகை நிறுவனத்தில் பொறியாளர். ஒரு சைட்டுக்குப் போனேன் என்று வாயால் சொன்னால் எங்கள் துறையில் யாரும் ஏற்கமாட்டார்கள். நேரமும் இடமும் பதிந்த படம் வேண்டும், பூட்டின் படம் வேண்டும், காவலாளியின் புத்தகத்தில் கையெழுத்து வேண்டும். அந்தப் பழக்கத்தோடுதான் அபிடவிட்டைப் படித்தேன். யார் சேர்ப்பித்தார், எந்தக் கிழமை, எந்தத் தேதி, எங்கே, எப்படி என்று ஐந்தையும் அதில் சொல்லியாக வேண்டும் என்பது விதி. தேதி இருக்கும்போது கிழமை எதற்கு என்று முதலில் தோன்றியது. இலக்கத் தகவலை அனுப்பும்போது பிழை கண்டுபிடிக்க ஒரு பிட்டைக் கூடுதலாகச் சேர்ப்போமே, அந்த மாதிரிதான் இதுவும். உட்கார்ந்த இடத்தில் தேதியை எழுதுகிறவன் பெரும்பாலும் கிழமையில் மாட்டிக்கொள்வான். 16 ஆகஸ்ட் 2017, புதன்கிழமை தபாலில் சேர்க்கப்பட்டது என்று இருந்தது. நாட்காட்டியில் பார்த்தேன். புதன்கிழமைதான்.

இணைப்பாக ஏ.ஆர். அட்டையின் நகல் இருந்தது. அதில் 22 ஆகஸ்ட் என்ற தேதி. ஒரு கையெழுத்து, கையெழுத்து என்பதைவிட ஒரு வளைவும் ஒரு கோடும். பெயர் இல்லை. அடையாள அட்டை எண் இல்லை. மாமா தன் பெயரைத் தமிழில்தான் கையெழுத்தாகப் போடுவார், மூன்று எழுத்தும் பிரித்துத் தெரியும்.

முகவரியைப் படித்ததும் மாமா சிரித்துவிட்டார். கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தின் பெயர், லயத்து எண், வீட்டு எண். நான் பிறந்ததும் அந்த லயத்தில்தான். 2009-இல் தோட்டத்தை மூடி, ஆட்களுக்குப் பணம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டே லயங்களை இடித்தாயிற்று. இடித்து ஏழு வருடம் ஆன வீட்டுக்கு ஒரு சம்மன் போயிருக்கிறது. அதை யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கியும் இருக்கிறார்கள்.

தோட்டத்து முகவரி எப்போதுமே ஒரு மாதிரியானது. வீட்டு எண் இருக்கும், ஆனால் தபால்காரர் வீட்டுக்கு வரமாட்டார். எல்லாக் கடிதமும் ஆபீசுக்குத்தான் போகும். கிராணி பிரித்து வைப்பார். காலையில் பெரட்டுக் களத்திலோ சம்பள நாளிலோ பெயர் சொல்லிக் கொடுப்பார்கள். நிர்வாகத்தின் கையைத் தாண்டாமல் ஒரு கடிதமும் ஒரு தொழிலாளிக்குச் சேர்ந்ததில்லை. அப்படியும் அது முகவரிதான். தோட்டம் போனதும் அதுவும் போய்விட்டது. இது எங்கள் ஒரு தோட்டத்துக் கதையில்லை. ஷா ஆலம் இருக்குமிடம் சுங்கை ரெங்கம் தோட்டம். புத்ராஜெயா எழுந்த நிலத்தில் பிராங் பெசார் தோட்டம் இருந்தது; அங்கிருந்த குடும்பங்களை டிங்கிலில் அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் உட்கார்ந்திருக்கும் நீதி மாளிகையும் புத்ராஜெயாவில்தான் இருக்கிறது.

மாமா தோட்டத்தை விட்டபிறகு பதினாலு வருடத்தில் நான்கு வாடகை வீடு மாறினார். அடையாள அட்டையில் முகவரியை மாற்றவில்லை. கேட்டால், "சொந்த வீடு வாங்கின பொறவு மாத்திக்கலாம்னு இருந்தேன்" என்கிறார். அவர் வயதில் இருக்கும் பலர் சொல்லும் பதில் இது. வாடகை வீட்டு முகவரியைத் தன் முகவரி என்று எழுத அவர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. சட்டத்துக்கு அந்தத் தயக்கம் தெரியாது.

"நாங்க அங்க இல்ல, கடிதம் வரலன்னு சொன்னா போதாதாக்கா?" என்று கேட்டேன். போதாது என்றார். 1948, 1967 பொருள்விளக்கச் சட்டங்களில் 12-ஆம் பிரிவைக் காட்டினார். தபாலில் சேர்ப்பிக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கும் ஓர் ஆவணத்தைச் சரியாக முகவரியிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால், வழக்கமாகத் தபால் போய்ச்சேரும் நேரத்தில் அது சேர்ந்துவிட்டதாகவே கொள்ளப்படும். எதிரானது நிரூபிக்கப்படும் வரை.

இந்தக் கடைசி வாக்கியத்தில் எனக்கு என் பாடம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. கணினி வலையமைப்பு வகுப்பில் 'இரு தளபதிகள் சிக்கல்' என்று சொல்லித் தருவார்கள். மலையின் இரு பக்கமும் இரண்டு தளபதிகள். நடுவில் எதிரி. தூதன் வழியில் பிடிபடலாம். செய்தி சேர்ந்ததா என்று தெரிய ஒப்புகை வேண்டும். ஒப்புகை சேர்ந்ததா என்று தெரிய இன்னொரு ஒப்புகை வேண்டும். எத்தனை தூதனை அனுப்பினாலும் இருவருக்கும் முழு நிச்சயம் கிடைக்காது என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. சட்டம் இந்தச் சிக்கலைத் தீர்ப்பதில்லை. ஒரு கட்டத்தில், இதுவரைக்கும் போதும், சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம் என்று வெட்டிவிடுகிறது. வெட்டிய இடத்துக்கு அந்தப் பக்கம் மாமா நின்றிருந்தார்.

வெட்டாமலும் இருக்க முடியாது. அதையும் அதே ஆண்டு பார்த்தேன். காப்பாரில் இருக்கும் என் அத்தை, சமையலறைக் கூரை போட ஒரு குத்தகைக்காரரிடம் 4,200 வெள்ளி முன்பணம் கொடுத்தார். ஆள் இரண்டு மரச்சட்டத்தை இறக்கிவிட்டுக் காணாமல் போனார். 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்குச் சிறு கோரிக்கை வழக்கு என்று ஒன்று உண்டு. வக்கீல் வைக்க முடியாது. நாமே பாரம் 198-ஐ நிரப்பி, நாமே கொண்டுபோய்ச் சேர்ப்பிக்க வேண்டும். அத்தை மூன்று முறை போனார். முதல் முறை வீட்டில் இல்லை என்று மனைவி சொன்னார். இரண்டாம் முறை உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, யாரும் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் முறை விடியற்காலை ஐந்தரைக்கே போய் வாசலில் நின்றுவிட்டார். ஆள் மோட்டாரை எடுக்க வந்தார். "நான் வாங்க மாட்டேன்" என்றார். அத்தை, "தம்பி, இது கோர்ட்டு பேப்பர். உன் பேருக்கு வந்தது. கூரைக் காசு கேசு" என்று சொல்லி, அவர் கண் முன்னாலேயே மோட்டார் சீட்டில் வைத்துவிட்டு வந்தார். அத்தை மகன் கைப்பேசியில் படம் எடுத்தான். அது போதும். வாங்க மறுக்கிறவரிடம் இது என்ன என்று சொல்லி, அவர் முன்னால் வைத்துவிட்டால் சேர்ப்பித்ததாகும்.

அவர் படித்திருக்க வேண்டும், ஒத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சட்டம் கேட்டால் அத்தைக்கு ஒரு காசு வந்திருக்காது. வெறுமனே தபாலில் போட்டால் போதும் என்று விட்டால் மாமா மாதிரி ஆட்கள் தூங்கும்போதே கடனாளி ஆவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிழமை, தேதி, கையெழுத்து, அட்டை என்று இத்தனை கெடுபிடி. விசாரிக்காமலே கோவலனைக் கொன்ற கதையை நாம் காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. ஒருவரைக் கேட்பதற்கு முதலில் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தோமா என்பதை யார் சரிபார்ப்பது என்ற இடத்தில்தான் இந்த அலுப்பூட்டும் தாள்கள் வருகின்றன.

அந்த வளைவும் கோடும் யாருடையது? அக்கா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். "நீ சைட்டுக்குப் போய்ப் படம் எடுக்கிறவன்தானே. தோட்டம் இருந்த இடத்துக்குப் போ. வீடு இல்லைங்கிறதுக்குப் படம் வேணும். அங்கிளோட அபிடவிட்ல இணைக்கணும்."

ஒரு சனிக்கிழமை போனேன். லயம் இருந்த மேட்டில் இரட்டை மாடி வீடுகள். ஆயாக்கொட்டகை இருந்த இடத்தில் காவலாளி அறையும் தடுப்புக் கம்பமும். மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது, பின்புறச் சாலை ஓரமாக. கோயிலுக்கு எதிரே தோட்டம் இருந்த காலத்து மளிகைக் கடையும் இருக்கிறது. கடைக்காரத் தாத்தா என்னைப் பார்த்து, "நீ யாரு பையன்?" என்று கேட்டார். அம்மா பெயரைச் சொன்னதும் குளிர்பானம் ஒன்றைத் திறந்து நீட்டிவிட்டு, கல்லாவுக்குக் கீழே இருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே கடிதங்கள். தோட்டத்தின் பெயர் போட்டு வரும் எல்லாவற்றையும் தபால்காரர் இங்கே கொடுத்துவிட்டுப் போகிறார். புதிய தாமானில் அந்த எண்ணில் வீடு கிடையாது; திருப்பி எடுத்துக்கொண்டு போவதைவிட இது அவருக்கும் எளிது. தாத்தா வைத்திருந்து, ஆடித் திருவிழாவுக்கு ஆட்கள் வரும்போது பெயர் சொல்லிக் கொடுப்பாராம். தோட்டம் போனபிறகு கிராணி வேலையை யாரும் சொல்லாமலே அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அட்டையின் நகலைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "நான் போட்டதா இருக்கும். இல்லன்னா கடைப் பையன். கையெழுத்து கேட்டா போட்டுத்தான் வாங்குவோம். போடலன்னா திரும்பிப் போயிரும்ல, பாவம்" என்றார். 2017-இல் வந்த கடிதமா என்று டின்னைக் கொட்டிப் பார்த்தோம். இல்லை. "தீபாவளிக்கு முன்ன கடையச் சுத்தம் பண்றப்ப, யாரும் வாங்காம கெடக்குறத எரிச்சிடுவேன்" என்றார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடிதம் வந்தது ஆகஸ்ட் 22. அந்த ஆண்டு ஆடி முடிந்துவிட்டது. அடுத்த ஆடிக்கு இன்னும் பதினொரு மாதம். சட்டம் கொடுத்ததோ 14 நாள். அந்தத் தீபாவளி அக்டோபரில். நவம்பரில் தீர்ப்பு வந்தபோது சம்மன் சாம்பலாகிப் போயிருக்கலாம். இந்தச் சங்கிலியில் ஒருவரும் கெட்டவர் இல்லை. தபால்காரர் உதவி செய்தார், தாத்தா உதவி செய்தார். குமாஸ்தா அபிடவிட்டில் எழுதியதும் வார்த்தைக்கு வார்த்தை உண்மை.

ஆனால் தாத்தா சொன்ன இன்னொன்று என்னை உறுத்தியது. ஒவ்வோர் ஆடிக்கும் மாமா திருவிழாவுக்கு வருகிறார், கடிதம் இருந்தால் வாங்கிக்கொண்டு போகிறார். அப்படியானால் அந்த ஒன்றையும் எப்போதோ வாங்கியிருக்க வாய்ப்பு உண்டா? அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் மாமாவை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு நேராகக் கேட்டார்.

"அங்கிள், நீங்க சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடப் போறீங்க. பொய்ச் சத்தியம் பண்ணா ஜெயில். வரலையா, இல்ல வந்து பிரிக்காம வெச்சிட்டீங்களா? எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ம்மா, எனக்கு மறதி உண்டு. லெட்டர் எல்லாம் ஞாபகம் இருக்காது. ஆனா கோர்ட்டு முத்திரை பாத்திருந்தா பயந்திருப்பேன். அப்படிப் பயந்த ஞாபகம் இல்ல" என்றார்.

அக்கா அதை எழுதிக்கொள்ளவில்லை. அபிடவிட்டில் பயத்துக்கு இடம் இல்லை. அதற்கு மேல் மாமாவை அவர் கேட்கவும் இல்லை.

வழக்கில் உண்மையான பிடி வேறிடத்தில் கிடைத்தது. 2014-இல் மாமா கையெழுத்துப் போட்ட ஜாமீன் பாரத்தில், அப்போது அவர் குடியிருந்த மேருவின் அடுக்குமாடி வீட்டு முகவரி தெளிவாக எழுதியிருந்தது. கைப்பேசி எண்ணும் இருந்தது, இன்றைக்கும் அதே எண்தான். அடையாள அட்டை நகல் இணைப்பாக மட்டும் இருந்தது. அதில் இருந்த பழைய முகவரியைத்தான் யாரோ சம்மனில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். கடைசியாகத் தெரிந்த முகவரி என்றால் எது? கடன் கொடுத்தவர்களின் கோப்பிலேயே அதைவிடப் புதியது ஒன்று இருந்திருக்கிறது. கூடவே தோட்டம் கொடுத்த 2009-ஆம் ஆண்டு வேலை நிறுத்தக் கடிதம், என் படங்கள், பெயரில்லாத கையெழுத்து.

தாத்தாவைச் சத்தியம் பண்ணக் கூப்பிட வேண்டாம் என்று அக்கா முடிவு செய்தார். கோர்ட் என்றதும் அவர் கை நடுங்கியதை நான் சொல்லியிருந்தேன். சேர்ந்ததாகச் சொல்கிறவர்கள்தான் முதலில் அதை ஒழுங்காகக் காட்ட வேண்டும் என்றார். தீர்ப்பை நீக்கக் கேட்கும் விண்ணப்பத்தை, தீர்ப்பு கைக்குக் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் போட வேண்டும் என்பதால் ராத்திரி பகலாக வேலை நடந்தது. சத்தியப் பிரமாண ஆணையரின் மேசை முன்னால், மலாயில் எழுதிய ஒவ்வொரு பத்தியையும் அக்கா தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, மாமா மூன்று எழுத்தையும் பிரித்துக் கையெழுத்துப் போட்டார்.

ஒழுங்கான முறையில் கிடைத்த தீர்ப்பு என்றால், அதை நீக்க மாமாவிடம் நல்ல தற்காப்பு இருப்பதைக் காட்ட வேண்டும். சேர்ப்பித்ததே ஒழுங்கில்லை என்றால் அது தேவையில்லை. தீர்ப்பை நீக்கக் கேட்பது அவருடைய உரிமை. ஜாமீன்தாரரிடம் பெரிய தற்காப்பு எதுவும் இருக்காது என்பதால் இந்த வித்தியாசம்தான் எங்களுக்கு எல்லாமே. இரண்டு தவணை தள்ளிப்போய், மூன்றாவதில் மாஜிஸ்திரேட் தீர்ப்பை நீக்கினார். 14 நாளில் தற்காப்பைத் தாக்கல் செய்யச் சொன்னார்.

தற்காப்பு என்று பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலோடு அக்கா பேசினார். ஆறு வருட வட்டியில் பெரும்பகுதியை விட்டார்கள். மாதம் 400 வெள்ளி கட்டுவதாக ஒப்பந்தம். மாமா அந்தத் தாளைத் தானே படித்து, தானே கையெழுத்துப் போட்டு வாங்கினார். "கடனாத்தான் கட்டப் போறோம், அதுக்கு ஏன்டா இத்தன அலைச்சல்?" என்று அம்மா என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லும் முன் மாமா சொன்னார்: "இப்ப எங்கிட்ட கேட்டுட்டு வாங்குறாங்க தங்கச்சி."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017 அக்டோபர் 6 வரை, 30,000 ரிங்கிட் கடன் இருந்தாலே ஒருவரைத் திவாலாக்க மனுப் போடலாம். அன்றைக்குச் சட்டத்தைத் திருத்தி 50,000 ஆக்கினார்கள், இப்போது 100,000. மாமாவுக்கு எதிரான தீர்ப்பு வந்தது நவம்பரில். சில வாரங்கள் முந்தியிருந்தால் இதே வளைவும் கோடும் அவரைத் திவால் வரைக்கும் கொண்டுபோயிருக்கலாம். அந்தத் தாள்களும் இதே பிஸ்கட் டின்னுக்குத்தான் போயிருக்கும்.

நண்பர்கள் கேட்கிறார்கள், இந்தக் காலத்தில் எதற்கு அட்டையும் தபாலும், வாட்சாப்பில் அனுப்பினால் நீல டிக் வருமே என்று. வாட்சாப் வழியாகச் சேர்ப்பிக்க மலேசிய உயர்நீதிமன்றம் அனுமதித்த வழக்கு உண்டு. ஆனால் அது நேரடி முயற்சிகள் தோற்ற பிறகு கேட்டு வாங்கும் மாற்று வழி. அந்த அனுமதிக்கு முன் என்ன செய்திருக்க வேண்டும் என்று 1968-ஆம் ஆண்டு நடைமுறைக் குறிப்பு ஒன்று சொல்கிறது: வேலை நாளில், நியாயமான நேரத்தில், வெவ்வேறு நாட்களில் இரண்டு முறை நேரில் போக வேண்டும், இரண்டாம் முறை வரப்போவதை முன்கூட்டியே கடிதம் எழுதிச் சொல்ல வேண்டும். அதற்கும் கிடைக்கவில்லை என்றால், கடைசியாகத் தெரிந்த வீட்டில் ஒட்டலாம், நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம், நாளிதழில் விளம்பரம் போடலாம். நீல டிக்கும் கடைக்காரத் தாத்தாவின் கையெழுத்து போலத்தான். கைப்பேசியைத் திறந்தது யார் என்று அது சொல்லாது.

2024 ஆடித் திருவிழாவுக்கு மாமாவோடு நானும் போயிருந்தேன். அதற்குள் அவர் அடையாள அட்டையில் முகவரியை மாற்றியிருந்தார், வாடகை வீடுதான். பூசை முடிந்து கடைக்குப் போனோம். நடந்ததை எல்லாம் தாத்தாவிடம் விவரமாகச் சொல்லி, இனிமேல் பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள், திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றேன்.

"திருப்பி அனுப்பினா என்ன ஆவும்?" என்று கேட்டார்.

"நேர்ல வந்து தேடுவாங்க தாத்தா. ஆள் இல்லன்னா வீட்டுக் கதவுல ஒட்டுவாங்க."

"எந்தக் கதவுல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மாமா அதற்குள் டின்னைத் திறந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். நீளமான பழுப்பு உறை ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். பெயரைப் படித்தார், தெரிந்தவர்தான், முன்பு மூன்றாவது லயத்தில் இருந்தவர். கைப்பேசியை எடுத்து நம்பரைத் தேடினார்.

"டேய், நாந்தான். எங்க இருக்க இப்ப? உனக்கு இங்க ஒரு லெட்டர் வந்து கெடக்கு. கோர்ட்டு முத்திரை இருக்கு. நான் பிரிக்கல. அட்ரஸ் சொல்லு, நான் கொண்டாந்து குடுக்குறேன்."